கோட்டைக்குள் பிறந்த நடத்தை விதிகள்: சென்னைக் கம்பெனி ஊழியரும் அலுவலக ஒழுக்கத்தின் வரலாறும்

அரசுப் பணியிலோ பெரிய தனியார் நிறுவனத்திலோ புதிதாகச் சேரும் ஒருவர் கையெழுத்திடும் தாள்களுள் நடத்தை விதிகள் என்னும் தொகுப்பும் ஒன்று. பணியின் பொருட்டுத் தொடர்புகொள்வோரிடம் பரிசு பெறக்கூடாது, வேலையில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் நடத்தக்கூடாது, அலுவல் தொடர்புடையவருக்குக் கடன் கொடுக்கவோ அவரிடம் கடன் வாங்கவோ கூடாது, சொத்து வாங்கினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன அதன் முதன்மையான விதிகள். இவை அண்மைக்கால மேலாண்மைக் கல்வியின் விளைவு என்றோ, விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் தாமாக வகுத்தவை என்றோ பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயினும் இவற்றுள் ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடிச் சென்றால் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள் நடத்திய வரவு செலவுகளிலும், குறிப்பாகச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி எழுந்த பெரும் ஊழல்களிலும் போய் நிற்க நேர்கிறது. அந்த வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது: இவ்விதிகள் முதலில் முதலாளியின் பணப்பெட்டியைக் காப்பதற்கே எழுந்தன, ஊழியரின் அதிகாரத்துக்கு ஆட்பட்ட மக்களின் துன்பம் அவற்றுக்குள் இடம்பெற நூறாண்டுக்குமேல் ஆயிற்று.

சிறு சம்பளமும் சொந்த வியாபாரமும்

1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அரசப் பட்டயம் பெற்றுத் தோன்றிய கம்பெனி, 1639-இல் சென்னைக் கடற்கரையில் ஒரு மணற்றிட்டைப் பெற்றுக் கோட்டை எழுப்பியது. அங்கு வேலைக்கு வந்தவர்கள் ரைட்டர், பேக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் எனப் படிப்படியாக உயர்ந்தனர். ரைட்டர் என்பவர் கணக்கும் கடிதமும் எழுதும் கடைநிலை எழுத்தர். பேக்டர் என்பவர் சரக்குக் கொள்முதலைக் கவனிப்பவர். ரைட்டரின் சம்பளம் ஆண்டுக்கு 5 பவுன். 1744-இல் ராபர்ட் கிளைவ் சென்னையில் வந்திறங்கியதும் இந்த வேலைக்குத்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ கடலில் பயணம் செய்து, நோய்க்கு இரையாகும் வாய்ப்பு மிகுந்த ஓர் ஊருக்கு இந்தச் சம்பளத்தை நம்பி எவரும் வந்திருக்க மாட்டார்கள் என்பது கம்பெனிக்கும் தெரிந்தே இருந்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையேயான வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்ட கம்பெனி, ஆசியத் துறைமுகங்களுக்கு இடையேயான வணிகத்தை ஊழியர்கள் தம் சொந்த முதலில் நடத்திக்கொள்ள 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விட்டுக்கொடுத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊழியருக்குச் சந்தையைத் திறந்துவிட்ட ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டில் கம்பெனியின் பணம் எங்கே முடிகிறது, ஊழியரின் பணம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மங்கிப்போனது. ஒரே கிடங்கில் இருவர் சரக்கும் கிடந்தது. ஒரே கப்பலில் இருவர் சரக்கும் ஏறியது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தவர் எந்தக் கணக்கில் கொடுத்தார் என்பது அவர் கைப்பட எழுதிய பேரேட்டை மட்டுமே சார்ந்திருந்தது. 1687 முதல் 1692 வரை சென்னை ஆளுநராக இருந்த எலிகூ யேல், கம்பெனியின் பணத்தைத் தன் வியாபாரத்தில் சுழலவிட்டார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தார்; வழக்குகள் தீர்ந்து 1699-இல் இங்கிலாந்து திரும்பியபோதும் பெருஞ்செல்வராகவே திரும்பினார். அவர் 1718-இல் அனுப்பிய சரக்குப் பொதிகளும் நூல்களும் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவருடைய பெயரைப் பெற்றுத் தந்தன. 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் ஆண்டு வருமானம், சம்பளமும் படியும் சேர்த்து 300 பவுன். அவர் ஜாம்சந்து என்னும் வணிகரிடம் 48,000 வராகன் கொடுத்து, ஏறத்தாழ 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை வாங்கினார். அன்றைய மதிப்பில் அது 20,000 பவுனுக்கு மேல். அறுபது எழுபது ஆண்டுச் சம்பளத்தை ஒரே கல்லில் போட்ட அவர், 1717-இல் அதைப் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். கம்பெனியின் சம்பளப் பட்டியலையும் ஊழியரின் சொத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அன்று எந்த விதியும் இல்லை.

ஊழியர்கள் இவ்வளவையும் தனியாகச் செய்துவிடவில்லை. துபாஷி எனப்பட்ட இடைத்தரகர் ஒவ்வொரு வெள்ளையர் வீட்டிலும் இருந்தார். மொழிபெயர்ப்பு, கொள்முதல், வட்டிக்குப் பணம் திரட்டல், வேலையாள் அமர்த்தல் ஆகிய அனைத்தும் அவர் கைவழியே நடந்தன. துபாஷியின் முதலையே கடனாகப் பெற்று வியாபாரம் செய்த இளம் ரைட்டர்கள் பலர். பச்சையப்ப முதலியார் போன்றோர் இத்தொழிலில் ஈட்டியதைக் கோயிலுக்கும் அறப்பணிக்கும் எழுதிவைத்தது ஒரு பக்கம்; ஆளுநர் ஹாலண்டின் வீட்டு அதிகாரத்தை வைத்துக்கொண்டு, தமக்கு ஒத்துவராத ஒரு கம்பெனி அதிகாரியை ஒழிக்கச் சதி செய்ததாக அவதானம் பாப்பையா 1792-இல் விசாரிக்கப்பட்டது மறுபக்கம். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத இம்மனிதர்கள் அதன் விதிகளுக்கும் வெளியே நின்றார்கள்.

நஜர் கையூட்டாக மாறிய விதம்

பரிசு பெறுவதற்கான தடையின் வரலாறு நஜர் என்னும் வழக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஒருவர் தம்மினும் மேலானவரைக் காணச் செல்கையில் வெறுங்கையுடன் போகாமல் சில பொன் நாணயங்களைக் காணிக்கையாக வைப்பதும், அவர் பதிலுக்குச் சால்வையோ பட்டாடையோ போர்த்தி அனுப்புவதும் முகலாயர் காலத்து அரசவை மரபு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், விழா நாட்களில் யார் எத்தனை வராகன் நஜர் வைத்தார், யாருக்கு எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்யப்பட்டது என்பன போன்ற விவரங்கள் அடுத்தடுத்துப் பதிவாகியுள்ளன. தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஒரு கடப்பாட்டை எல்லோர் முன்னிலையிலும் நிறுவும் சடங்காக அது இருந்தவரை அதன் அளவுக்கும் முறைக்கும் வரம்பு இருந்தது.

வணிகக் கம்பெனி படைபலம் பெற்றதும் அந்த வரம்பு தகர்ந்தது. 1757-இல் பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தின் நவாபாக அமர்த்தப்பட்ட மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் ஒருவர் மட்டும் பெற்றது ஏறத்தாழ 2,34,000 பவுன். பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுன் தரும் ஜாகீர், அதாவது ஒரு நிலப்பகுதியின் வருவாயை அனுபவிக்கும் உரிமை, அதனுடன் சேர்ந்தது. நவாபை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆட்சிமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொட்டியதால் நவாபை மாற்றுவதே ஆதாயமான தொழிலாயிற்று. லண்டனில் இருந்த இயக்குநர்கள் 1764-இல் புதிய உடன்படிக்கைகளை அனுப்பி, ஊழியர் ஒவ்வொருவரும் அவற்றில் கையெழுத்திட ஆணையிட்டனர். 4,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பரிசையும் இயக்குநர்களின் ஒப்புதலின்றிப் பெறலாகாது என்பதும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதை ஆளுநரும் ஆட்சிமன்றமும் ஒப்பினாலன்றிப் பெறலாகாது என்பதும் அவற்றின் சாரம்.

இந்த உடன்படிக்கைத் தாள்கள் 1765 தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தன. அவற்றில் எவரும் கையெழுத்திடுமுன், அவ்வாண்டு பிப்ரவரியில் மீர் ஜாபர் இறந்தார். ஆட்சிமன்றத்தினர் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய மகனை அரியணையில் அமர்த்தி, அதற்காக ஏறத்தாழ 1,39,000 பவுன் மதிப்புள்ள பரிசுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். தடை வந்த கையோடு நடந்த இந்தப் பங்கீட்டைக் கண்டித்து, மே மாதம் வந்திறங்கிய கிளைவ் எல்லோரையும் கையெழுத்திடச் செய்தார். எட்டாண்டுகளுக்கு முன் தாம் பெற்றதைத் திருப்பித் தரவில்லை. விதியை வகுத்தவர்களின் கவலை எதைப் பற்றியது என்பது உடன்படிக்கையின் அமைப்பிலேயே தெரிகிறது: வரம்புக்கு மேற்பட்ட பரிசு கம்பெனியைச் சேர வேண்டும் என்பதே ஏற்பாடு. பரிசின் சுமை நவாபின் குடிகள் தலையில் வரியாக இறங்கும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

நவாபின் கடன்

வங்காளத்தின் ஊழல் பரிசில் விளைந்தது என்றால் சென்னையின் ஊழல் கடனில் விளைந்தது. கருநாடக நவாபான முகம்மது அலி வாலாஜா, கம்பெனியின் படை உதவியால் ஆட்சியைப் பெற்றவர். அப்படையின் செலவையும், 1768-இல் சேப்பாக்கத்தில் எழுந்த அரண்மனை உள்ளிட்ட தம் ஆடம்பரத்தையும் ஈடுகட்டக் கோட்டையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே கடன் வாங்கினார். தொடக்கத்தில் வட்டி நூற்றுக்கு 36 வரை போயிற்று. 1767-இல் பல கடன்களை ஒன்றுசேர்த்து 10 ஆகக் குறைத்தனர். ஈடாக நவாப் தன்காக்களை எழுதித் தந்தார். தன்கா என்பது குறிப்பிட்ட ஒரு சீமையின் நிலவரியைக் கடன்காரரே வசூலித்துக்கொள்ள அனுமதிக்கும் சீட்டு. ஆக, கம்பெனியின் ஊழியர் ஒருவர் அலுவலகத்தில் கம்பெனிக்காக நவாபிடம் பாக்கி கேட்பவராகவும், வீட்டில் தமக்காக அதே நவாபின் வரி வருவாயை எதிர்பார்ப்பவராகவும் ஆனார். நலமுரண் என்று இன்று அழைக்கப்படும் நிலை, அதாவது பணிக் கடமையும் சொந்த ஆதாயமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் நிலை, இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை.

இந்நிலையின் உச்சம் தஞ்சாவூர் விவகாரம். 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சையைக் கைப்பற்றி, மன்னர் துளஜாவைச் சிறைவைத்து, அந்நாட்டின் வருவாய் மேல் தன்காக்களை எழுதிக் கொடுத்தார். இது முறையன்று எனக் கண்ட இயக்குநர்கள் தஞ்சையைத் திருப்பித் தரும்படி பிகட் பிரபுவை மீண்டும் ஆளுநராக அனுப்பினர். 1776 ஏப்ரலில் துளஜா மீண்டும் அரியணை ஏறியதும், பால் பென்ஃபீல்டு என்னும் ஊழியர் ஒரு கோரிக்கையுடன் வந்தார்: தஞ்சை வருவாய் மேல் நவாப் எழுதிக் கொடுத்த சீட்டுகளின் பேரில் 1,62,000 பவுனும், வயலில் நிற்கும் பயிரை ஈடாக வைத்துத் தஞ்சைக் குடிகளுக்குக் கொடுத்த கடனாக 72,000 பவுனும் தமக்கு வரவேண்டும் என்றார். ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுனைத் தாண்டாத இளநிலை ஊழியர் அவர். சென்னைக் கோட்டைச் சுவர் கட்டும் ஒப்பந்தமும் அவர் கையில்தான் இருந்தது. அவ்வளவு பணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சான்றுகள் இல்லாமல் போகவே ஆட்சிமன்றம் முதலில் கோரிக்கையைத் தள்ளியது. சில நாட்களில் பெரும்பான்மையினர் மனம் மாறி அதை ஏற்றனர். அவர்களுள் பலர் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள். தஞ்சை கைவிட்டுப் போனால் தம் பணமும் போகும் என்று அஞ்சியவர்கள்.

பிகட் எதிர்த்து நின்று, எதிரணி உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார். அவர்கள் 1776 ஆகஸ்டு 24 அன்று கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைக் கொண்டு ஆளுநரையே கைது செய்தனர். பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்ட பிகட் 1777 மே மாதம் இறந்தார். அவரும் முதல் முறை ஆளுநராக இருந்தபோது பெரும்பொருள் ஈட்டி, தம் பெயரால் அழைக்கப்படும் வைரம் ஒன்றையும் வைத்திருந்தவர் என்பதால், இதை நேர்மைக்கும் ஊழலுக்கும் நடந்த மோதலாகச் சுருக்க இயலாது. கைதுக்குக் காரணமான ஆட்சிமன்ற உறுப்பினர் நால்வருக்கு 1780-இல் லண்டன் நீதிமன்றம் விதித்தது தலைக்கு 1,000 பவுன் அபராதம் மட்டுமே. பென்ஃபீல்டு அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

தன்கா எப்படி வேலை செய்தது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்தக் கடனை யார் கட்டினார்கள் என்பது விளங்கும். சீமைக்கு அனுப்பப்பட்ட அமில்தார், அதாவது நவாபின் வரி அதிகாரி, சீட்டு வைத்திருக்கும் வெள்ளையருக்குக் குறித்த நாளில் பணம் கட்டக் கடமைப்பட்டவர். அறுவடை வரை அவரால் காத்திருக்க முடியாது. ஆகவே சவுக்கார் எனப்பட்ட வட்டிக்காரரிடம் அவர் பணம் பெற்று முன்கூட்டியே கட்டுவார். அந்தக் கடனும் வட்டியும் வரியோடு சேர்ந்து குடியானவர் மேல் ஏறும். பயிர் கதிர் விடும் முன்பே அதன் மேல் உரிமை கைமாறியிருக்கும். கோட்டையில் எழுதப்பட்ட ஒரு சீட்டின் வட்டி, வழியில் ஒவ்வொரு கைக்கும் ஒரு பங்கு விட்டு, கடைசியில் காவிரிக் கரையின் களத்துமேட்டில் தண்டப்பட்டது.

சட்டமும் சம்பளமும்

இத்தகைய செய்திகள் லண்டனில் கொந்தளிப்பை எழுப்பியதன் விளைவே 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டம். ஆளுநரும் நீதிபதிகளும் பரிசு பெறுவதும் சொந்த வணிகம் நடத்துவதும் அதனால் தடுக்கப்பட்டன. வரி வசூலிப்போர் வியாபாரத்தில் இறங்கலாகாது என்றும், ஆங்கிலேயக் குடிமக்கள் இந்தியாவில் நூற்றுக்கு 12-க்கு மேல் வட்டி வாங்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. தஞ்சாவூர் விவகாரம் முழுவதும் இச்சட்டத்துக்குப் பின் நடந்தது என்பதே அதன் வலுவைச் சொல்லிவிடுகிறது. 1778 முதல் 1780 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் ரம்போல்டும் ஊழல் குற்றச்சாட்டில் பதவி நீக்கப்பட்டார். அவர்மீது நாடாளுமன்றத்தில் தொடங்கிய நடவடிக்கை 1783-இல் முடிவின்றிக் கைவிடப்பட்டது.

1784-இல் வந்த, அன்றைய பிரதமர் வில்லியம் பிட்டின் இந்தியச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, இந்தியாவிலிருந்து திரும்பும் ஊழியர் தாம் கொண்டுவரும் சொத்தின் விவரத்தைச் சத்தியம் செய்து அறிவிக்க வேண்டும் என்றது. சொத்து விவர அறிவிப்பு என இன்று வழங்கும் விதியின் மூதாதை இதுவே. ஊழியர்களிடையே எழுந்த கடும் எதிர்ப்பால் இரண்டே ஆண்டில், 1786-இல், அது நீக்கப்பட்டது. நவாபின் கடன்களை ஆராய வேண்டும் என்று அதே சட்டம் சொல்லியிருந்தும், கம்பெனியை மேற்பார்க்க அமைந்த வாரியம் ஆராயாமலே அவற்றை ஏற்று, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்க ஆணையிட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்டு பர்க் இதைக் கண்டித்து ஆற்றிய நெடிய உரை, கடன் கொடுத்தவர்களின் வாக்குபலமே இம்முடிவுக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டியது. பிற்காலத்தில் 1805-இல் அமைந்த ஆணையம் கால் நூற்றாண்டு உட்கார்ந்து நவாபின் பிற கடன்களைச் சரிபார்த்தபோது, ஏறத்தாழ 3 கோடி பவுனுக்கு எழுந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே உண்மையானதாகத் தேறியது. சரிபார்ப்பின்றி ஏற்ற முந்தைய கடன்களில் எவ்வளவு தேறியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

தடைகளால் மட்டும் ஆகாது என்பதை உணர்ந்து வேறு வழி கண்டவர் 1786-இல் தலைமை ஆளுநராக வந்த காரன்வாலிஸ். மாவட்ட ஆட்சியரின் சம்பளத்தை மாதம் 1,500 ரூபாயாக்கி, வசூலில் ஒரு பங்கைத் தரகாகவும் கொடுத்து, அதற்கு ஈடாகச் சொந்த வியாபாரத்தை அறவே நிறுத்தினார். வணிகப் பணியையும் வரிப் பணியையும் வெவ்வேறு ஊழியரிடம் பிரித்துக் கொடுத்தார். போதிய சம்பளமும் பணிப் பிரிவினையும் இருந்தால்தான் விதி நிற்கும் என்ற அவருடைய கருத்து இன்றும் நிர்வாகவியலின் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் அதன் மறுபாதியாக, உயர்பதவிகள் அனைத்தும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு வந்த ஐரோப்பிய ஊழியருக்கே உரியவை என்பது 1793-இன் பட்டயச் சட்டத்தில் உறுதியாயிற்று. நேர்மையை விலைகொடுத்து வாங்க முன்வந்த கம்பெனி, அந்த விலையை ஒரு நிறத்தவருக்கு மட்டுமே கொடுத்தது.

விதிக்கு வெளியே நின்றவர்கள்

இதன் விளைவு 19-ஆம் நூற்றாண்டின் சென்னை மாகாணத்தில் முழுவடிவில் வெளிப்பட்டது. மாவட்டத்தின் அன்றாட நிர்வாகம் ஆட்சியர் அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுத்தரான சிரஸ்தாரிடமும் தாலுகாவில் தாசில்தாரிடமும் ஊரில் கணக்குப்பிள்ளையிடமும் இருந்தது. ஆட்சியரின் சம்பளத்தில் மிகச் சிறு பங்கே இவர்களுக்குக் கிடைத்தது. நூறாண்டுக்கு முன் ரைட்டரை 5 பவுனில் வைத்துச் சந்தையில் மேயவிட்ட அதே ஏற்பாட்டில் இப்போது இந்தியக் கீழ்நிலை ஊழியர் சிக்கினர். கோயம்புத்தூர் மாவட்டக் கருவூலத்தைக் கவனித்த காசிச் செட்டி என்பவர் நிர்வாகத்தையே தம் கைக்குள் வைத்துப் பெருந்தொகையைச் சுருட்டியது 1816 வாக்கில் வெளிப்பட்டு, தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் அதை விசாரித்தனர். இத்தகைய அனுபவங்களிலிருந்து மன்றோ வந்தடைந்த முடிவு கம்பெனி வட்டாரத்தில் அரியது: 1824 டிசம்பர் 31 அன்று ஆளுநராக அவர் எழுதிய விரிவான குறிப்பில், உயர்வுக்கு வழியும் போதிய ஊதியமும் இல்லாமல் ஒரு மக்கட்கூட்டத்திடம் நேர்மையை எதிர்பார்ப்பது பொருந்தாது என்றும், அதே நிலையில் வைத்தால் ஆங்கிலேயரும் அப்படித்தான் நடப்பர் என்றும் வாதிட்டார்.

ஆனால் அதே மன்றோவின் 1816-ஆம் ஆண்டுச் சீர்திருத்தமே வரி வசூலையும் காவல் அதிகாரத்தையும் ஆட்சியரிடமும், அவருக்குக் கீழே தாசில்தாரிடமும் ஒன்றாகச் சேர்த்தது. வரி கேட்பவரே கைது செய்பவராகவும் இருந்ததால், பாக்கி வைத்த ரயத்தை அடித்தும் வெயிலில் நிறுத்தியும் பணம் தண்டுவது வழக்கமாயிற்று. விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி என்னும் கருவி ஊர்ச் சாவடிகளில் கிடந்தது. 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கிய கஜுலு லட்சுமிநரசு செட்டி, தம் பத்திரிகையான கிரசெண்ட் வழியாகவும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுக்கள் வழியாகவும் இதை வெளிக்கொணர்ந்தார். 1853-இல் சென்னை வந்த டான்பி சீமோர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் குடியானவர்களின் நிலையை அவர் நேரில் காட்டினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தின் பின் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் ஆணையத்துக்கு வந்தன. நெடுந்தொலைவு நடந்து வந்து சொன்னவர்களும் உண்டு. 1855-இல் வந்த அறிக்கை வரி வசூலில் சித்திரவதை நடப்பதை ஒப்புக்கொண்டு, பழியைக் கீழ்நிலை இந்திய ஊழியர்மேல் போட்டு, ஐரோப்பிய அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்தது. எனினும் அது சுட்டிய ஒன்று பிற்காலத்துக்கு மிகவும் உதவியது: துன்புற்றவருக்கு முறையிட இடமில்லை. ஆட்சியரின் கச்சேரி தொலைவில் இருந்தது. அங்கே போனாலும் மனு விசாரணைக்காக அதே தாசில்தாரிடம் திரும்பி வந்தது. ஊர் திரும்பியதும் மனு கொடுத்தவர் அவர் கையிலேயே சிக்கினார். காவல்துறையை வரித்துறையிலிருந்து பிரித்த 1859-இன் சென்னைக் காவல் சட்டம் இந்த அறிக்கையின் வழியே வந்தது. குற்றம் செய்தவரின் பிடியில் இல்லாத ஒருவரே குற்றச்சாட்டைக் கேட்க வேண்டும் என்ற நெறி, பணப்பெட்டியைக் காக்கும் நோக்கத்திலிருந்து விலகி, ஆளப்படுபவரைக் காக்கும் நோக்கத்தில் எழுந்த முதல் பெரும் மாற்றம்.

இன்றைய விதிகளில் பழைய தடங்கள்

1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம், பொது ஊழியர் கையூட்டுப் பெறுவதையும் சட்டத்துக்குப் புறம்பாக வியாபாரத்தில் ஈடுபடுவதையும் தனித்தனிக் குற்றங்களாக்கியது. கையூட்டுப் பற்றிய பிரிவுகள் 1988-இன் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு மாறின. வியாபாரம் பற்றியது 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. விடுதலைக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது 1962-இல் அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பென்ஃபீல்டு பயிர்மேல் உரிமை கோரிய அதே தஞ்சை மண்ணில் பிறந்த கே. சந்தானம். அக்குழுவின் பரிந்துரைப்படி 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் வெளிவந்ததும், தமிழகத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் உருவானதும் அதே ஆண்டில்தான். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இல் வந்தன.

அந்த 1964-ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் பார்த்தால் வரலாறு வரிசையாக நிற்பதைக் காணலாம். 13-ஆவது விதி பரிசு பற்றியது. 15 சொந்த வணிகம் பற்றியது. 16 கடன் கொடுத்தலும் வாங்கலும் பற்றியது. 18 சொத்து பற்றியது. மீர் ஜாபரின் பரிசும் யேலின் வியாபாரமும் நவாபின் கடனும் 1786-இல் நீக்கப்பட்ட சொத்து அறிவிப்பும் முறையே இவற்றின் பின்னணியில் உள்ளன. பரிசு விதியில் உள்ள படிநிலை வரம்புகளும் 1764-இன் 1,000, 4,000 ரூபாய் வரம்புகளின் மரபில் வந்தவையே. எப்போதேனும் ஒரு வேளைச் சாப்பாடோ போகிற வழியில் வண்டியில் ஏற்றிச் செல்வதோ பரிசாகாது என்ற விளக்கமும், சமூக வழக்கத்துக்கும் கையூட்டுக்கும் நடுவே கோடு கிழிக்கும் பழைய சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுகிறது. தனியார் துறையிலும் இதே போக்குதான். 2013-இன் நிறுவனங்கள் சட்டம் இயக்குநருடனும் அவருடைய உறவினருடனும் நிறுவனம் செய்யும் வரவு செலவுகளுக்கு முன் ஒப்புதல் கேட்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு தனி வழியை வைத்திருக்க வேண்டும் என்கிறது.

ஊழியரால் ஊழியருக்கோ பொதுமக்களுக்கோ நேரும் தீங்கு பற்றிய விதிகள் இவற்றோடு ஒப்பிட மிகவும் பிந்தியவை. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்தது 1997-இல். சட்டம் வந்தது 2013-இல். பரிசுத் தடைக்கும் இதற்கும் இடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேலான இடைவெளி உள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் அமையவேண்டிய உள்ளகக் குழுவில் வெளியாள் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று இச்சட்டம் வற்புறுத்துவதற்குக் காரணம், மனு அதே தாசில்தாரிடம் திரும்பிச் செல்லும் அபாயம் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் என்பதே. ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-இல் நிறைவேறிய சட்டம் நாடாளுமன்ற ஒப்புதலும் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றும் நடைமுறைப்படுத்தப்படாமல் நின்றது. முதலாளியின் இழப்பைத் தடுக்கும் விதிகள் விரைந்து நடக்க, முறையிடுவோரைக் காக்கும் விதிகள் காத்துக்கிடப்பது பழைய வரிசையின் தொடர்ச்சி.

ஆகவே ஒரு பணியிடத்தின் நெறியை அளக்க அதன் விதித்தொகுப்பின் பருமன் போதாது. கம்பெனி ஊழியர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டுக்கொண்டே தன்கா வாங்கினார். சட்டம் கொண்டுவந்த நாடாளுமன்றத்திலேயே பென்ஃபீல்டு அமர்ந்தார். விதி பலித்த இடங்களைத் தேடினால், ஊதியம் உயர்ந்தது, பணிகள் பிரிக்கப்பட்டன, கணக்கை வேறொருவர் சரிபார்த்தார், முறையீட்டை வேறொருவர் கேட்டார் என்ற நான்கினுள் ஒன்றேனும் அங்கு நடந்திருக்கிறது. அவற்றுள் முதல் மூன்றும் முதலாளிக்கும் ஆதாயமானவை என்பதால் ஓரளவு விரைந்து வந்தன. நான்காவதற்கு முதலாளியின் நலன் துணை நிற்பதில்லை; லட்சுமிநரசு செட்டியைப் போல் வெளியிலிருந்து ஒருவர் வற்புறுத்தவும், ஊரிலிருந்து நடந்து வந்து ஆயிரம் பேர் சாட்சி சொல்லவும் வேண்டியிருந்தது.